மந்திரிக்குள் ஒளிந்த அண்ணகன்

நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. தம்பி வீட்டு பேஸ்மென்ட்டில் ஜெபக்கூட்டம். மத்தேயு 19-ஆம் அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் வசனம் தம்பி மகளுக்கு வந்தது. பதினோரு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புண்ணியத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பாதி வசனத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டு, "அண்ணகர்னா யாரு, அண்ணன்களா?" என்று கேட்டாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த ஆச்சிதான் சமாளித்தாள். "அது பெரியவங்களுக்குள்ளது. நீ அடுத்தாளுக்குத் தள்ளு."

அடுத்த ஆள் நான். வசனத்தை வாசித்து முடித்துவிட்டேன். சொல் மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நின்றது. நாற்பது வருஷமாக இந்த வேதப்புத்தகத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். பைபிளுக்கு வெளியே 'அண்ணகன்' என்று யாரும் யாரையும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காதவர்களுக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியம் 'ஆண்மை திரிந்த' பெயரைப் பற்றி விதி சொல்லி, அவர்களை உயர்திணையில் வைக்கிறது. பேடி, பேடு என்ற சொற்கள் காப்பியங்களில் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் காமன் ஆடிய பேடி ஆடலும் ஒன்று. 'அலி'யை மாணிக்கவாசகரும் நம்மாழ்வாரும் கடவுளைப் பாடும் இடத்திலேயே எடுத்தாள்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் இருந்த சொற்கள் பிறகு தெருவுக்கு இறங்கின. பேடி என்றால் கோழை என்று திருக்குறள் காலத்திலேயே ஆகிவிட்டது. அலி வசைச்சொல்லாயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் 'ஒம்போது' என்று ஓர் எண்ணையே கல்லாக எறிவார்கள்.

அண்ணகனுக்கு அந்தக் கதி நேரவில்லை. தெருவுக்கு இறங்காத சொல் என்பதால் யாரும் அதை எறியவில்லை. கறுப்பு அட்டைக்கும் சிவப்பு விளிம்புக்கும் நடுவில் கசங்காமல் இருந்துவிட்டது. ஆனால் அங்கேயும் அது எல்லா இடத்திலும் இல்லை. வர வேண்டிய பல இடங்களில் காணோம். அந்தக் காணாமற்போன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'சாரிஸ்'. அரண்மனை அதிகாரி என்றும் பொருள். விதை நீக்கப்பட்டவன் என்றும் பொருள். அந்தப்புரத்தைக் காக்கிற வேலைக்குப் பழைய ராஜாக்கள் இவர்களையே வைத்ததால் பதவியும் உடம்பும் ஒரே பெயருக்குள் போயின. கிரேக்கத்தில் 'யூனூக்கோஸ்'. படுக்கையைக் காப்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஆக, மூலத்தில் இருப்பது ஒரே பெயர். தமிழுக்கு வரும்போது அது இரண்டாகப் பிளந்தது.

இன்று வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்தது. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு திருத்தியது. அதற்கு முன்னால் ரேனியஸ், அவருக்கு முன்னால் பப்ரிசியஸ், எல்லாருக்கும் முன்னால் 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்க். இந்தப் பைபிளில் சாரிஸ் வரும் இடங்களை ஓர் இரவு உட்கார்ந்து தேடினேன். யோசேப்பை விலைக்கு வாங்கிய போத்திபார் மூலத்தில் சாரிஸ், தமிழில் 'பிரதானி'. எஸ்தர் புத்தகத்தில் கன்னிமாடத்தைக் காவல் காக்கும் யேகாய், பிரதானி. யேசபேலை ஜன்னலிலிருந்து தள்ளியவர்கள், பிரதானிகள். சேற்றுக்குழியில் கிடந்த எரேமியாவுக்குக் கந்தைத்துணியும் கயிறும் இறக்கித் தூக்கிவிட்ட எத்தியோப்பியன் எபெத்மெலேக், அவனும் பிரதானி. ஏசாயா 56-இல் தன்னைப் பட்டமரம் என்று நொந்துகொள்கிறவன் மட்டும் அண்ணகன். மத்தேயுவில் இயேசு சொல்லும் மூன்று வகையாரும் அண்ணகர்.

பதவி இருந்தால் பிரதானி. பதவி இல்லாமல் உடம்பு மட்டும் பேச்சில் வந்தால் அண்ணகன். போத்திபாருக்கு மனைவி இருந்தாளே, அவனைப் பிரதானி என்றது நியாயம்தானே என்று கேட்கலாம். அந்த ஓர் இடத்தில் சரி. கன்னிமாடத்துக் காவலனுக்கு என்ன சமாதானம்?

இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. சீகன்பால்கும் பப்ரிசியஸும் ஜெர்மானியர்கள்; ஹாலே நகரத்துப் பக்தி மரபில் வந்தவர்கள்; லூத்தரின் பைபிளில் ஊறியவர்கள். லூத்தர் இதே இடங்களில் இதே போலப் பிரிக்கிறார். ஏசாயாவிலும் மத்தேயுவிலும் அவர் போடுவது 'அறுக்கப்பட்டவர்' என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல். போத்திபாருக்கும் எபெத்மெலேக்குக்கும் 'கெம்மரர்'. அரண்மனை அறைக்கு அதிகாரி. இங்கிலீஷ்காரர்கள் 1611-இல் எபெத்மெலேக்கை 'யூனக்' என்றே வெளிப்படையாக எழுதினார்கள். தமிழ் இங்கிலீஷ் வழியில் போகவில்லை, ஜெர்மன் வழியில் போனது.

இந்த 'கெம்மரர்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு இங்கிலீஷில் நேர்ச்சொல் 'சேம்பர்லின்'. மதனப்பள்ளியில் பல ஆண்டுகள் வைத்தியமும் ஊழியமும் செய்து, தெலுங்கு வேதத்தின் திருத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஆற்காடு மிஷன் பாதிரியாரின் பெயர் ஜேக்கப் சேம்பர்லின். அரண்மனை அறை அதிகாரி என்ற பதவி குடும்பப் பெயராகி, வேதத்தைத் திருத்தவே வந்துவிட்டது. சொற்கள் இப்படித்தான் வேஷம் மாறி நம் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன.

இனி தலைப்பில் வரும் மந்திரி. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம். எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் பொக்கிஷங்களுக்கெல்லாம் தலைவன் ஒருவன் எருசலேமில் தொழுதுவிட்டு ரதத்தில் ஊர் திரும்புகிறான். வழியில் ஏசாயாவின் சுருளை வாசிக்கிறான். பிலிப்பு ஓடிவந்து ஏறிக்கொள்கிறான். தண்ணீர் கண்ட இடத்தில் அந்தத் தலைவன் ரதத்தை நிறுத்தச் சொல்லி ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறான். ஞாயிறு பள்ளியில் படம் ஒட்டிப் படித்த கதை. கிரேக்கத்தில் லூக்கா இந்த மனிதனை ஐந்து தடவை 'யூனூக்கோஸ்' என்கிறார். பெயரைக்கூடச் சொல்லவில்லை, இதுதான் அவனுடைய அடையாளம். லூத்தர் 'கெம்மரர்' என்றார். நம் பைபிள் 'மந்திரி' என்றது. ஐந்து இடத்திலும் மந்திரி.

ஒரு சொல் மாறியதில் கதையே இடம் மாறிவிட்டது. உபாகமம் 23-இன் தொடக்கத்தில், விதை சிதைந்தவன் கர்த்தருடைய சபைக்குள் வரக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. அப்படியானால் அத்தனை தூரம் பயணம் பண்ணி எருசலேமுக்குப் போனவன் எந்த வாசல் வரைக்கும் போயிருப்பான்? அவன் வாசித்துக்கொண்டிருந்தது ஏசாயா 53. சுருளை இன்னும் கொஞ்சம் உருட்டினால் 56 வரும். அங்கே அண்ணகனைத் தேவனே கூப்பிட்டு, குமாரரையும் குமாரத்திகளையும் விட மேலான பெயரைத் தன் ஆலயத்துக்குள் தருவதாகச் சொல்லுகிறார். அந்த வாக்கில் வரும் 'இடமும் பெயரும்' என்ற எபிரேயச் சொற்கள் 'யாத் வாஷேம்'. யூதப் படுகொலையில் மாண்டவர்களுக்காக எருசலேமில் 1953-இல் அமைந்த நினைவகம் இந்தப் பெயரைத்தான் தாங்குகிறது. வாரிசில்லாத அண்ணகனுக்குச் சொன்ன ஆறுதல், வாரிசோடு அழிந்தவர்களுக்கும் ஆகிவந்தது.

இத்தனையும் தெரிந்து படித்தால், தண்ணீரைக் கண்டதும் பிலிப்புவிடம் 'தடை என்ன' என்று அவன் கேட்பது நெஞ்சில் இடிக்கும். தடை என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தில் எழுதியே இருக்கிறது. மந்திரி கேட்டால் அது பெரிய மனுஷனின் மரியாதைப் பேச்சு. அண்ணகன் கேட்டால் அது வழக்கு. நம் தாத்தா பாட்டிகள் மூன்று தலைமுறையாக மந்திரியின் பேச்சைத்தான் கேட்டார்கள்.

வேண்டுமென்று மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சாரிஸ் என்பதில் பதவிப் பொருளும் உண்டு என்ற நியாயம் லூத்தருக்கும் இருந்தது. ஆனால் சபையில் யாருக்கு இடம், யாருக்குப் பீடம் என்று பேசும்போது இந்த மொழிபெயர்ப்பு ஒரு சாட்சியை வெளியே நிறுத்திவிட்டது.

பீடம் என்றதும் லேவியராகமம் 21-க்குப் போக வேண்டும். ஆசாரியன் ஆகத் தகுதியில்லாதவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது: குருடன், முடவன், கூனன், குள்ளன், விதை நசுங்கினவன். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியோடு கூனும் குறளும் சபைக்குப் போவார்கள்; இங்கே அவர்கள் திரைக்கு இப்பால் நிற்க வேண்டும். இந்தப் பட்டியலுக்கு அடுத்து வரும் சலுகையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அங்கஈனமுள்ளவன் அப்பத்தைச் செலுத்தத்தான் கூடாது. பரிசுத்தமான அப்பத்தைத் தின்னலாம். பந்தியில் உட்காரலாம், பரிமாறக் கூடாது.

பரிசுத்தம் என்ற சொல்லுக்கு இரண்டாயிரம் வருஷமாகத் திருச்சபைகள் கண்டுபிடித்த நடுவழி இதுதான் என்று எனக்குத் தோன்றும். 'எல்லாரும் வாங்க, சபைக்குள்ளே வாங்க, காணிக்கை போடுங்க, பாட்டுப் பாடுங்க. அங்கி மட்டும் கேட்காதீங்க.'

கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய முதல் பொதுச்சங்கம் போட்ட முதல் விதியே அண்ணகர்களைப் பற்றியதுதான். நோய்க்காக வைத்தியர் அறுத்திருந்தால், அல்லது அடிமையாய் இருந்தபோது எஜமான் அறுத்திருந்தால் அவன் குருவாக இருக்கலாம். நல்ல தேகத்தோடு இருந்து தன்னைத்தானே அறுத்துக்கொண்டவன் குருவாக இருக்கக் கூடாது. அலெக்சாந்திரியாவின் மேதை ஓரிகன், மத்தேயு 19-ஐ எழுத்துப்படியே எடுத்துக்கொண்டு வாலிபத்தில் தன்னை அறுத்துக்கொண்டதாக யூசேபியஸ் எழுதியிருக்கிறார். அந்த மாதிரி உற்சாகத்துக்குப் போட்ட கடிவாளம் இது. ஆனால் விதியைத் திருப்பிப் பார்த்தால், அண்ணகன் என்பதே தடை இல்லை என்று 325-இலேயே தீர்ப்பாகிவிட்டது தெரியும். லேவியராகமப் பட்டியலில் ஒரு பெயர் சத்தமில்லாமல் அடிக்கப்பட்டது.

மத்தேயுவில் இயேசு சொன்ன மூன்றாவது வகையை, அதாவது பரலோக ராஜ்யத்துக்காகத் தன்னை அப்படி ஆக்கிக்கொண்டவனை, துறவு என்று கத்தோலிக்கத் திருச்சபை வாசித்தது. குருக்கள் மணம் செய்யாமல் இருப்பதற்கு இன்றும் அந்த வசனத்தைக் காட்டுவார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அண்ணகர் என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை; மணஉறவு கொள்ள முடியாதவர் என்று விளக்கமாகக் கரைந்துவிட்டது. பெயர் போய் விவரணை வந்தது. புரிகிறது, வாஸ்தவம். ஆனால் தம்பி மகள் விரலை வைத்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம், திருநெல்வேலி சீர்திருத்த சபைகளில், இந்த வசனம் ஒரு சங்கடம். எங்களுக்குப் போதகர் என்றால் 'ஐயர்'. (பிரிட்ஜ்வாட்டரில் இதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே ஐயர் என்றால் வேங்கடேஸ்வரர் கோயில் குருக்கள். அந்தக் கோயில் கேன்டீன் தோசைக்கு நாங்களும் வரிசையில் நிற்கிறவர்கள்தான். ஆச்சி 'எங்க ஐயர்' என்று தொடங்கினால் பக்கத்து டேபிள் திரும்பிப் பார்க்கும்.) ஐயர் என்றால் ஐயரம்மா இருக்க வேண்டும். கல்யாணமாகாத ஐயரைச் சேகரத்தில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய தகுதிப் பட்டியலை நீட்டுவார்கள்: கண்காணியானவன் ஒரே மனைவியை உடையவனாகவும் பிள்ளைகளை அடக்கி வளர்க்கிறவனாகவும் இருக்க வேண்டும். பிஷப்புக்கு நம் பைபிள் வைத்த பெயர் கண்காணி. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்தவரும் கண்காணிதான் என்பது வேறு கதை. அந்தப் பட்டியலை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் அதை எழுதிய பவுலே தேறமாட்டார், மனைவி இல்லை. தஞ்சாவூரின் ஷ்வார்ட்ஸ் ஐயரும் தேறமாட்டார். 1798-இல் கண்ணை மூடும்வரை பிரமச்சாரி. சரபோஜி அவரைத் தகப்பன் என்று கொண்டாடினார்.

யாருக்குப் பீடம் என்ற இந்தச் சண்டை நியூ ஜெர்சியில் வேறு பெயர்களில் நடந்தது. 1989 டிசம்பரில் நியூவார்க் எபிஸ்கோப்பல் பேராயர் ஜான் ஷெல்பி ஸ்பாங், ஆணோடு வாழ்வதை மறைக்காத ஒருவருக்கு ஹோபோகனில் குருப்பட்டம் கொடுத்தார். அடுத்த வருஷம் அவருடைய துணைப் பேராயர் வால்டர் ரைட்டர் இன்னொருவருக்கு டீக்கன் பட்டம் கொடுத்தார். இதற்காக ரைட்டர்மேல் சமயத்துரோக வழக்கு வந்து, 1996 மே மாதம் தள்ளுபடியானது. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து அரை மணி நேரம் ஓட்டினால் நியூ பிரன்ஸ்விக். அங்குள்ள சீர்திருத்தத் திருச்சபையின் இறையியல் கல்லூரித் தலைவர் நார்மன் கேன்ஸ்ஃபீல்ட், 2004-இல் தன் மகள் இன்னொரு பெண்ணை மணந்தபோது தானே நின்று நடத்திவைத்தார். 2005-இல் அவர் சார்ந்த திருச்சபையின் பேரவை அவரை விசாரித்து, ஊழியத்திலிருந்து விலக்கிவைத்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் திருச்சபை நமக்கு அந்நியம் இல்லை. 1853-இல் ஸ்கடர் சகோதரர்களைக் கொண்டு ஆற்காடு மிஷனைத் தொடங்கியது இதுவே. வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டிய ஐடா ஸ்கடர் அந்த வீட்டுப் பேத்தி. தன்பாலினத்தவருக்குக் குருப்பட்டம் கூடாது என்று மெதடிஸ்டுகள் 1984-இல் போட்ட தடையை 2024-இல்தான் எடுத்தார்கள். எடுப்பதற்குள் ஆயிரக்கணக்கான சபைகள் பிரிந்துபோய்விட்டன.

இந்தச் சண்டைகளிலெல்லாம் கையில் எடுக்கும் வசனம் கொரிந்தியர் முதல் நிருபம் 6:9. அங்கேயும் ஒரு சொல் கிடக்கிறது: 'மலக்கோய்'. மென்மையானவர் என்பது சாதாரணப் பொருள். யோவான்ஸ்நானனைப் பற்றிப் பேசும்போது இயேசு சொல்லும் மெல்லிய வஸ்திரத்துக்கும் இதே கிரேக்கச் சொல்தான். லூத்தர் கொரிந்தியரில் மென்மையர் என்ற பொருளிலேயே விட்டார். 1946-இல் அமெரிக்கத் திருத்திய மொழிபெயர்ப்பு அதையும் அடுத்த சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து 'ஹோமோசெக்ஷுவல்' என்றது. அந்தச் சொல் இங்கிலீஷ் பைபிளுக்குள் நுழைந்தது அப்போதுதான். நம் பைபிள் இரண்டு பக்கமும் போகவில்லை. மென்மையரை 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று எழுதிவைத்தது. ஒரே சொல், ஒரு பாஷையில் சொகுசுக்காரன், ஒரு பாஷையில் தன்பாலினத்தவன், எங்கள் பாஷையில் தனிமையில் தப்புச் செய்தவன். தமிழ் எழுத்துப்படி நிற்பேன் என்கிறவர்கள் நியாயமாக விடலைப் பையன்களைத்தான் முதலில் வெளியே அனுப்ப வேண்டும். அதை யாரும் கேட்பதாக இல்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு ரஸ்தாவில் போனது. கூவாகத்து அரவானிடமிருந்து அரவாணி என்ற பெயர் வந்தது. பிறகு திருநங்கை வந்தது. 2008-இல் அரசாங்கம் நல வாரியம் அமைத்த பிறகு அது மேடையிலும் விண்ணப்பப் படிவத்திலும் ஏறியது. நங்கைக்கு முன்னால் போட்ட அந்தத் 'திரு' பைபிள்காரர்களுக்கும் பழக்கமான ஒட்டுத்தான். திருச்சபை, திருவிருந்து, திருமுழுக்கு எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. செங்கல்பட்டுக்குப் பக்கம் நத்தத்தில், எஸ்றா சற்குணம் பேராயராயிருந்த இந்திய சுவிசேஷத் திருச்சபை, திருநங்கையான பாரதியைப் போதகராக்கியது. இந்தியாவின் முதல் திருநங்கைப் போதகர் என்று 2010-களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் எழுதின. பெரிய சபைகள் மாநாடு போட்டுத் தர்க்கித்துக்கொண்டிருந்ததை ஒரு சின்னக் கிராமச் சபை ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிட்டது.

போதகர் என்ற சொல்லைக் கவனியுங்கள். போதகன் இல்லை, போதகி இல்லை. ஆயர், குரு, மூப்பர், எதுவும் ஆண்பால் பெண்பால் காட்டவில்லை. மரியாதைக்காகப் போட்ட 'ர்' விகுதி பாலை விழுங்கிவிட்டது. போதகர் வந்தார், ஜெபித்தார், போனார். வந்தவர் யாராயிருந்தாலும் இலக்கணத்துக்கு ஒரு குறையுமில்லை. அண்ணகன்கூட மத்தேயுவில் அண்ணகர்தான்.

'தாயின் வயிற்றிலேயே அப்படிப் பிறந்தவர்' என்ற முதல் வகை இயேசு மட்டும் சொன்னதில்லை. யூதர்களின் மிஷ்னாவில் சாரிஸ் இரண்டு வகை: மனிதர் ஆக்கியவன் ஒருவன், 'சூரியனின் சாரிஸ்' மற்றவன். சூரியனைக் கண்ட நாள் முதல் அப்படியே இருப்பவன் என்று அர்த்தம். இதை அந்த வீட்டில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

மூன்றாம் வெள்ளிக்கிழமை அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரம். தம்பி மகள் இந்தத் தடவை உஷாராக மடியில் இங்கிலீஷ் பைபிளை வைத்திருந்தாள். ஆச்சி வாசிக்க வாசிக்க இவள் தன் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"ஆச்சி, நில்லுங்க. இதுல யூனக்னு இருக்கு. நீங்க மந்திரிங்கிறீங்க."

"மந்திரின்னுதானம்மா போட்டிருக்கு." ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இந்தா, மந்திரி."

"யூனக்னா அண்ணகர்தானே? பெரியப்பா அன்னைக்கு வண்டியில சொன்னாங்களே, சூரியன் கதை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆச்சி பைபிளை மூடவில்லை. விரலை அந்த வரியில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். நாசரேத்தில் எழுபது வருஷமாகக் கேட்ட கதை அது.

"ரதத்துல போனவரா?" என்றாள் கடைசியில். "அவரா?"

பிறகு கூட்டத்தைப் பார்க்காமல், பேத்தியிடம், "பென்சில் இருந்தா எடு" என்றாள்.